ஜோடியாகத்தான் விற்பேன்

ஒட்டுப் போர்வை தைப்பது இரண்டு பேர் வேலை. இது தெரியாதவர்கள்தான் தையல் என்றாலே ஒரு ஆளும் ஒரு மெஷினும் என்று நினைத்துக்கொள்வார்கள். மேலே சின்னச் சின்னத் துண்டுகளாகச் சேர்த்த துணி, நடுவில் பழைய நூல் புடவை, அடியில் காடாத் துணி. மூன்றையும் அடுக்கிச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிக்க நாலு மூலைக்கு நாலு கை வேண்டும். அப்புறம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து கையூசியால் நூல் ஓட்டிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும்.

எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவள் லூர்து. கரந்தையில் எங்கள் தெருவிலேயே இருந்தவள். அவளுக்கும் வீட்டுக்காரர் இல்லை, எனக்கும் இல்லை. அவள் மகள் ஓசூரில், என் மகன் சிங்கப்பூரில். காலையில் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாளென்றால் விளக்கு வைக்கும் நேரம் வரை ஊசியும் ஓயாது, வாயும் ஓயாது. மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பினாள். "மூணே மாசம்க்கா, பாப்பாவுக்குத் தலை நின்னதும் வந்துடுறேன்" என்றாள். அதற்கப்புறம் இரண்டு சம்பா அறுவடை முடிந்துவிட்டது.

ஒரு ஆளாகப் போர்வை தைக்க முடியாது. நானும் முயற்சி செய்து பார்த்தேன். இந்த மூலையை இழுத்தால் அந்த மூலை சுருட்டிக்கொள்கிறது. கட்டில் காலில் கட்டிப் பார்த்தேன், அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். அம்மிக்கல் பேசாது, தவிர நடுவில் எழுந்து காபியும் போடாது. ஆகவே மடியில் அடங்குகிற சாமான்களுக்கு இறங்கிவிட்டேன். போர்வைகளுக்கு வெட்டி மிஞ்சிய பிட்டுத் துணி இரண்டு சாக்கு நிறைய இருந்தது. அதிலிருந்து பிடிதுணி, கால்மிதி, மிக்ஸி உறை, சுருக்குப்பை என்று தைத்து, ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். வாங்க ஆள் வந்தது. ஆனால் புதுப் போர்வை தைத்தால்தானே புதிதாக மிச்சம் விழும்? சாக்கு இறங்கிக்கொண்டே வந்தது.

வீட்டில் வேறு துணியே இல்லையென்று சொல்ல மாட்டேன். கூடத்துக் கட்டிலில் பாதி தைத்த போர்வை ஒன்று கிடந்தது. ஒவ்வொரு ஆர்டரிலும் கண்ணுக்குப் பிடித்த ஒரு துண்டை எடுத்து ஒளித்து வைத்து, நானும் லூர்துவும் எங்களுக்கென்றே தைக்க ஆரம்பித்தது. இரண்டு பேரில் யாருக்கு என்று பேசவில்லை. முடியட்டும், அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். என் பக்கத்துத் தையல் நடு வரைக்கும் வந்துவிட்டது. அவள் பக்கம் குண்டூசியோடு அப்படியே நின்றது. அதில் மட்டும் கத்திரி வைக்க மாட்டேன், லூர்து வந்து உட்கார்ந்து முடிப்பாள் என்று எனக்கு ஒரு பிடிவாதம். தனியாக உட்கார்ந்து தைக்கிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், அப்பளம் இடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பிடிவாதம் புரியும். புரியாதவர்கள் வீட்டில் பேச ஆள் இருக்கிறது என்று அர்த்தம், நன்றாக இருக்கட்டும்.

ரெண்டு கைக்கு ரெண்டு

பிடிதுணியை நான் ஜோடியாகத்தான் விற்பேன். அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்க இரண்டு கை வேண்டும், கைக்கு ஒன்று. ஒரே துணியில் வெட்டி, இரண்டிலும் ஒரே பூ வருகிற மாதிரி பார்த்துத் தைத்து, மூலையில் ஒரு நூல் போட்டு இரண்டையும் சேர்த்துவிடுவேன். பிரித்துக் கொடு என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். லூர்து இருந்தபோதே நான் போட்ட சட்டம் இது. அவள் என்னைச் சீண்டுவதற்கென்றே ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, குரலை மாற்றி, "ஒத்தப் பிடிதுணி கெடைக்குங்களா?" என்று கேட்பாள்.

பக்கத்துத் தெரு சரோஜா டீச்சர் நிஜமாகவே அப்படிக் கேட்டார். ரிட்டயராகி வெகுகாலம் ஆகிறது, தனியாக இருக்கிறார். "ஒண்ணு போதும் விஜயா" என்றார். அது ஜோடி, பிரிக்க முடியாது என்றேன். "நான் வைக்கிறது அரை ஆழாக்குச் சோறும்மா" என்றார். சின்னப் பானைக்கும் ரெண்டு காதுதானே டீச்சர் என்றேன். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்னிடம் வாதாடவில்லை. ஜோடியாகவே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்தபடி ஒரு காலை இறக்கி நின்று திரும்பிச் சொன்னார்: "நான் அடுப்பங்கரையில ஒரு கையால மேடையைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். ரெண்டாவது பிடிதுணியை வித்துட்ட, அதுக்குக் கை நீ வந்து குடுப்பியா?"

சட்டிக்குச் சட்டை

பிட்டுத் துணியில் எது நூல் துணி, எது பாலியஸ்டர் என்று பிரிப்பது லூர்துவின் இலாகா. ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவுவாள், தீக்குச்சியில் காட்டுவாள், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். காகிதம் கருகின வாசனை வந்தால் நூல். சுருண்டு மணியாக உருண்டு பிளாஸ்டிக் நாற்றம் அடித்தால் அந்தத் துண்டு சுருக்குப்பைக்குத்தான் லாயக்கு, அடுப்பு பக்கம் போகக் கூடாது. "இப்படி எல்லாத்தையும் மோந்து மோந்து பாத்தா ஒருநாள் மூக்கு தீஞ்சிரும்டி" என்று நான் கேலி செய்வேன். அவள் போன பிறகு அந்த வேலையை விரலிடம் விட்டேன். இத்தனை வருஷம் தைத்த விரல், தொட்டால் தெரியாதா?

தெரியவில்லை. எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் நித்யா காலேஜில் வேலை பார்க்கிற பெண். ஒரு நாள் காலையில் வடைச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான் கொடுத்த பச்சைப் பிடிதுணி சட்டியின் காதில் உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை சுடாமல் தப்பித்தது அவள் அதிர்ஷ்டம். கத்தியால் சுரண்டினேன், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன், வெந்நீரில் ஊறப் போட்டேன், அசைந்து கொடுக்கவில்லை. லூர்து இருந்தா இப்படி ஆகியிருக்காது என்று நாலு தடவை சொன்னேன். லூர்து யார் என்றே அவளுக்குத் தெரியாது, பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். புதுச் சட்டி வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சிரிப்பு வந்துவிட்டது. "பரவால்ல ஆன்ட்டி, நான் பிடிதுணி கேட்டேன், நீங்க சட்டிக்கே சட்டை தச்சிட்டீங்க."

விழாத ரேகை

கையால் போர்வை தைக்கிறவர்களுக்கு ஒரு விரல் போய்விடும். மேலே குத்துகிற கைக்கு ஒன்றும் ஆகாது. துணிக்கு அடியில் ஒரு விரல் காத்திருக்கும். ஊசி முனை அதைத் தொட்டால்தான் மூன்று துணியையும் தாண்டிவிட்டது என்று தெரியும். தைக்கிற நேரம் முழுக்க அந்த ஆள்காட்டி விரல் குத்து வாங்கிக்கொண்டே இருக்கும். கொஞ்ச வருஷத்தில் தோல் காய்த்து, ரேகையெல்லாம் அழிந்து சொரசொரவென்று ஆகிவிடும். எனக்கும் அப்படித்தான், லூர்துவுக்கும் அப்படித்தான். அதனால் ரேஷன் கடையில் எங்களைக் கண்டாலே சேல்ஸ்மேனுக்கு முகம் சுருங்கும். விரலை மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். புடவையில் துடைத்துவிட்டு வைப்போம், தலைமுடியில் தேய்த்துவிட்டு வைப்போம், ஏதாவது ஒன்று விழும்வரை வேறு விரல்களை மாற்றி மாற்றி வைப்போம். பின்னால் வரிசை முனகும். "மூட்டை தூக்குறவனுக்குக்கூட ரேகை விழுது, நீங்க ரெண்டு பேரும் ரேகையவே தச்சுத் தள்ளிட்டீங்களா?" என்று அவர் ஒருநாள் கத்தினார். சர்க்கரைப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வருகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இப்போது தனியாகப் போகிறேன். ரேகை இப்போதும் விழுவதில்லை. துடைத்து, தேய்த்து, மறுபடி மறுபடி வைத்து நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அந்த சேல்ஸ்மேன் ஒன்றுமே சொல்லாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டுங்களேன் என்று நானே கேட்டுவிட்டேன். "ரெண்டு பேரா வந்து நின்னா திட்டலாம்மா. ஒத்தையா வந்து நிக்கிறவங்கள எப்படித் திட்டுறது?"

மூட்டைக்குக் கண் இல்லை

தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை மலையாகக் குவியும். அங்கே மூட்டை தூக்குகிற கலியபெருமாள் ஒரு நாள் ஜன்னலில் வந்து நின்றார். கால்மிதி ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி தோளுக்கும் பொடனிக்குமா ஒண்ணு தச்சுத் தருவீங்களாம்மா?" என்று கேட்டார். சட்டையை விலக்கிக் காட்டினார். சணல் சாக்கு உரசி உரசித் தோள் கன்றிப்போயிருந்தது, அதன் மேல் நெல்லுச் சுணை ஏறித் தடிப்பு தடிப்பாக இருந்தது.

அளவெடுத்து உள்ளே மூன்று மடிப்புப் பழம்புடவை வைத்து ஆசையாகத் தைத்தேன். போர்வை தைக்கிற மாதிரியே நெருக்கமாக நூல் ஓட்டினேன். வெகுநாள் கழித்து அந்தத் தையல் போட்டதில் மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே சங்கடம், சாக்கில் கருப்பு, பழுப்பெல்லாம் தீர்ந்துபோய் ரோஸ் கலரில் சின்னப் பூப் போட்ட துணிதான் கிடந்தது. பெண் குழந்தைக்குக் கவுன் தைக்கிற துணி. வேறு வழியில்லாமல் அதையே மேலே போட்டேன். அவர் அதைக் கட்டிக்கொண்டு களத்துக்குப் போயிருக்கிறார், கூட இருந்தவர்கள் விசில் அடித்திருக்கிறார்கள். அவர் மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது, திரும்பக் கொடுக்கத்தான் வருகிறார் என்று நான் பயந்துகொண்டே நின்றேன். "மூட்டைக்குக் கண்ணாம்மா இருக்கு, பூவைப் பாத்துச் சிரிக்கறதுக்கு? சிரிச்சவனுவளுக்கும் ஆளுக்கு ஒண்ணு இதே பூவுல தச்சுக் குடுங்க, அப்பறம் எவன் சிரிக்கிறான்னு பாப்பம்!"

ஒரு சாக்கு அதோடு காலி.

சிங்கப்பூர்த் தலையணை

மகன் ரவி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் வருவான். போனைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினால் கை வலிக்கிறது. டம்ளரில் சாய்த்து வைத்தால் சறுக்கி விழுகிறது, அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்துகிறான். சரி, துணிக்காரிக்கு இது ஒரு கஷ்டமா என்று போனுக்கென்றே ஒரு குட்டித் தலையணை தைத்தேன். பிடிதுணிக்குக்கூட உதவாத நறுக்குத் துணியெல்லாம் உள்ளே போட்டு அடைத்து, முன்பக்கம் போன் நிற்பதற்கு ஒரு பள்ளம், சுற்றிலும் அழகுக்கு ஒரு கொசுவம். தெருவில் இதற்கு நல்ல கிராக்கி. தெருவில் முக்கால்வாசி வீட்டில் பிள்ளைகள் போனுக்குள்தான் இருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு தலையணைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் இளைத்திருந்தான். நான் லூர்துவைப் பற்றிச் சொன்னேன், வடைச்சட்டிக் கதையைச் சொன்னேன், முழங்கால் வலியைச் சொன்னேன். இந்த வீட்டில் சத்தமாக நாலு வாக்கியம் பேசியே பல நாளாகிறது என்பதால் அணை திறந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. அவனும் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். போன் மெல்ல மெல்லப் பள்ளத்துக்குள் அமுங்கி, கொசுவம் கேமராவை மூடியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சொல்லி முடித்து நான் மூச்சு விட்டபோது அவன் சொன்னான்: "அம்மா, ரொம்ப நேரமா நான் தலையணைகிட்டதான் பேசிக்கிட்டு இருக்கேன், நீ எங்க இருக்க?"

கட்டிலில் இருப்பவர்

சிலிண்டர் கொண்டுவருகிற பாஷா பாய்க்குத் தெருவே அதிரும் குரல். தெருமுனையில் வண்டி நிற்கும்போதே அவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று தெரிந்துவிடும். ஆனால் என் வீட்டுக்குள் வந்தால் மட்டும் ரகசியம் பேசுகிற மாதிரி பேசுவார். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார், சிலிண்டரைப் பூ மாதிரி இறக்கி வைப்பார். தனியாக இருக்கிற பொம்பளை என்று மரியாதை தருகிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பழைய சிலிண்டரை எடுத்துக்கொண்டு போகும்போது நின்று, "இப்ப பரவாயில்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். யாராவது என்னை விசாரிப்பதே அபூர்வம். முழங்கால்தான் பாய், குளிர் குறைந்தால் சரியாகிவிடும் என்றேன். "ஒங்கள இல்லம்மா, அவங்கள" என்று கூடத்துக் கட்டிலை மோவாயால் காட்டினார். பாதிப் போர்வையை மடித்து வைத்து, தூசி படாமல் மேலே ஒரு வெள்ளை வேட்டி போட்டு மூடியிருந்தேன். நடுவில் தைக்காத இடம் உப்பிக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு யாரோ ஒருக்களித்துப் படுத்த மாதிரிதான் இருக்கும். வேட்டியை விலக்கிக் காட்டினேன். பாய் சற்று நேரம் போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற தன் சொந்தக் குரலில் கத்தினார்: "உள்ள சீக்காளி தூங்குதுன்னு இத்தன நாளா சிலிண்டர உருட்டாம இடுப்பொடியத் தூக்கிட்டு வந்தேனேம்மா!"

பாப்பா நடக்கட்டும்

லூர்துவுக்கு நான் போன் போட்டால் முதலில் குழந்தை அழுகிற சத்தம்தான் வரும். தலை நின்றதும் வருகிறேன் என்றவள், பல் முளைக்கட்டும் என்றாள். பல் முளைத்தது. முதல் பிறந்தநாள் முடியட்டும் என்றாள். முடிந்தது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள், நடந்துவிட்டால் கிரீச்சில் விட்டுவிடலாம், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன் என்றாள். அந்தக் குழந்தை சீக்கிரம் நடக்க வேண்டுமென்று அதன் பெற்றவளைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டிருப்பேன். இரண்டாவது சாக்கின் அடித்துணி கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் போன் போட்டு, பாப்பா நடக்கிறாளா என்று கேட்டேன். "நடக்கறதா? ஓடுறாக்கா! அதான் விட்டுட்டு ஒரு எட்டு எங்கயும் போக முடியல."

மூலையைப் பிடி

கடைசியில் லூர்துவை வரவழைத்தது நானில்லை, ரேஷன் கடை. கார்டில் பெயர் இருக்க வேண்டுமென்றால் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு. முந்தின நாளே போர்வையைப் பிரித்துக் கூடத்தில் விரித்து வைத்தேன். இரண்டு ஊசியில் நூல் கோத்துக் குத்தி வைத்தேன், அவள் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று. ஒரு நாளில் எவ்வளவு தைத்துவிட முடியும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆரம்பித்துவிட்டால் முடிக்க வருவாள் என்று ஒரு நப்பாசை.

ஓசூர் ரோஜாப்பூ ஒரு பொட்டலத்தோடு வந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நேராகக் கடைக்குப் போனோம். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் சேல்ஸ்மேன் "வந்துட்டாங்கய்யா ஜோடி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். முதலில் நான் வைத்தேன், சிவப்பு. மறுபடி வைத்தேன், சிவப்பு. லூர்து பழைய ஞாபகத்தில் விரலைப் புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். வைத்த மாத்திரத்தில் பச்சை எரிந்தது. "அட, லூர்தம்மாவுக்கு ரேகை விழுந்திருச்சு!" என்றார் சேல்ஸ்மேன். அவளுக்கே ஆச்சரியம், சிரித்துக்கொண்டே விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். நான் அதைப் பிடித்துப் பார்த்தேன். காய்ப்பெல்லாம் உதிர்ந்து, குழந்தையைத் துடைத்துப் பவுடர் போட்டு மெத்தென்று ஆகியிருந்தது. கோடு கோடாகப் புது ரேகை. இவள் இனி வர மாட்டாள் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. துக்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது, யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து போர்வையில் தன் பக்கமாக உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். நாலு தையல் போடுவதற்குள் ஸ்ஸ் என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். "பழக்கம் விட்டுப்போச்சுக்கா, ரெண்டு நாள் தைச்சா சரியாயிரும்" என்றாள். ரெண்டு நாள் எங்கே இருக்கிறது? நான் எழுந்து கத்திரியை எடுத்து வந்தேன். "லூர்து, மூலையைப் புடி" என்றேன். சுருக்கம் எடுக்கப் போகிறேன் என்று நினைத்துப் பிடித்தாள். கத்திரியைப் பார்த்ததும் மூலையை விட்டுவிட்டாள். "வேணாங்க்கா. ஸ்கூல்ல சேத்ததும் வந்துடுறேன்க்கா, சத்தியமா." "ஸ்கூல்ல சேத்தா யாரு கொண்டு விடுவா, யாரு கூட்டிட்டு வருவா?" என்றேன். அவள் மூலையை மறுபடி எடுத்தாள். சாக்கு ரெண்டும் காலி, இழுத்துப் பிடி என்றேன். தைக்கிறதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், மூன்றடுக்குத் துணியை வெட்டுவதற்கும் வேண்டியிருக்கிறது. அவள் தளர்த்தினால் கத்திரி துணியை மெல்லுகிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இழுத்துப் பிடித்தாள். பாதி தூரம் போனதும், தொழில் புத்தி எங்கே போகும், "நேரா போங்கக்கா, கோணுது" என்று பழையபடி அதட்டினாள். இரண்டு பேருக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

ரயிலுக்குக் கிளம்புவதற்குள், என் தையல் நின்று அவள் தைக்காத பக்கம் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து இரண்டு சதுரம் வெட்டி ஓரம் அடித்து ஒரு ஜோடிப் பிடிதுணி தைத்தேன். மூலையில் சேர்த்துப் போடுகிற நூலை மட்டும் போடவில்லை. ஒன்றை அவள் பையில் வைத்தேன், ஒன்றை என் அடுப்பங்கரை ஆணியில் மாட்டினேன். அவள் பையைத் திறந்து பார்த்தாள், உள்ளே போய் ஆணியைப் பார்த்தாள், வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. "ஜோடியப் பிரிக்கக் கூடாதுன்னு ஊருக்கே சட்டம் பேசுவீங்களேக்கா, இப்ப நீங்களே பிரிச்சிட்டீங்களே!"

இப்போதெல்லாம் கேட்கிறவர்களுக்கு ஒற்றையாகவும் கொடுக்கிறேன், சரோஜா டீச்சர்தான் முதல் வாடிக்கை. இந்தத் தொழிலில் எந்தத் துண்டும் வீணாவதில்லை, ஒரு கைக்கு ஒரு பிடிதுணி போதும் என்று ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்சம் காலம் பிடிக்கிறது.